நன்றி மறவாத கவிஞர்

மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1914ஆம் ஆண்டு மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியினின்று பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. அவ்வநீதியை எதிர்த்துப் போராடிய அவர், கவிதையில் நன்றியுணர்வையும் வெளிப்படுத்தினார். 1954இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவர்தம் நெடுங்கவிதை, தேயிலைக்கு உரமாகிக் கல்லறையுமின்றி மடிந்த முன்னோரை நினைவுகூர்ந்தது. கொழுந்து கொய்வோரின் வாய்மொழிப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். 1984இல் அவர் மறைந்தார்.

பழைய மாணவராகிய நாமும் கல்லூரியின் குறையை எடுத்துரைக்குமுன், நம்மை ஆளாக்கிய ஆசிரியரையும் ஊழியரையும் நன்றியோடு நினைப்போமாக. நன்றியுடையார் கூறும் குறையே திருத்தமாக ஏற்கப்படும்.