சி. இராஜகோபாலாச்சாரி

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 – டிசம்பர் 25, 1972) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், வழக்கறிஞர், எழுத்தாளர், அரசியல்வாதி ஆவார். இராஜாஜி எனப் பரவலாக அறியப்படுகிறார். இந்தியாவின் தலைமை ஆளுநர் (கவர்னர் ஜெனரல்) பதவியை வகித்த ஒரே இந்தியர் இவரே. மரண தண்டனை பெற்றவர்களின் கருணை மனுக்களை முடிவு செய்யும் அதிகாரம் அப்பதவிக்கு இருந்தது. காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவர்களின் மனுக்கள் இவர் முன் வந்தபோது, கொலையுண்ட காந்திக்கு இவர் சம்பந்தியாகவும் இருந்தார். இக்கட்டுரை இவரது வாழ்வில் சட்டமும் தண்டனையும் தொடர்புடைய பகுதிகளை முதன்மையாக விவரிக்கிறது.

பிறப்பும் கல்வியும்

இராஜாஜி ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2004 ஆம் ஆண்டு முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. தந்தை வெங்கடார்யா அய்யங்கார் அவ்வூரின் முன்சீப்பாக இருந்தார். தாயார் சிங்காரம்மா. ஓசூர் அரசுப் பள்ளியிலும் பெங்களூர் மத்தியக் கல்லூரியிலும் கல்வி கற்றபின், சென்னையில் சட்டம் பயின்றார்.

வழக்கறிஞர் பணி

1900 இல் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் விரைவில் பெயர் பெற்றார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகப் பணியாற்றினார். அரசுக்கு எதிராகப் பேசியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பெ. வரதராஜுலு நாயுடுவுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார்.

1919 இல் ஆங்கிலேய அரசு ரௌலட் சட்டத்தைக் கொண்டு வந்தது. விசாரணையின்றிக் காவலில் வைக்கவும், ஜூரி இல்லாமல் வழக்கை நடத்தவும் அச்சட்டம் இடமளித்தது. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் வழியில்லை. அவ்வாண்டு சென்னைக்கு வந்த காந்தி இராஜாஜியின் இல்லத்தில் தங்கினார். இச்சட்டத்தை எதிர்த்து நாடு தழுவிய கடையடைப்பு நடத்தும் எண்ணம் அங்கேதான் அவருக்கு உருவானது. அடுத்து வந்த ஒத்துழையாமை இயக்கத்தின்போது இராஜாஜி வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டார்.

சிறை வாழ்வும் ஆட்சிப் பொறுப்பும்

1921 டிசம்பரில் கைது செய்யப்பட்டு மூன்று மாதம் வேலூர் சிறையில் இருந்தார். அங்கு எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது. 1930 இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்குத் தலைமை தாங்கி மீண்டும் சிறை சென்றார். 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்தார். இவருடைய மகள் இலட்சுமிக்கும் காந்தியின் இளைய மகன் தேவதாஸுக்கும் 1933 இல் திருமணம் நடைபெற்றது.

காந்தி கொலை வழக்கு

காந்தி 1948 சனவரி 30 அன்று தில்லியில் சுட்டுக் கொல்லப்பட்டார். செங்கோட்டையில் அமைக்கப்பட்ட சிறப்பு நீதிமன்றத்தில் நீதிபதி ஆத்மா சரண் வழக்கை விசாரித்தார். விசாரணை தொடங்கிய சில வாரங்களில், சூன் 21 அன்று, இராஜாஜி தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்றார்.

1949 பிப்ரவரி 10 அன்று தீர்ப்பு வழங்கப்பட்டது. எட்டுப் பேரில் நாதுராம் கோட்சே, நாராயண் ஆப்தே ஆகிய இருவருக்குத் தூக்குத் தண்டனையும், ஐவருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. வி. தா. சாவர்க்கர் விடுதலை செய்யப்பட்டார். அவருக்கு எதிராக அப்ரூவர் அளித்த சாட்சியத்தை உறுதிப்படுத்தத் தனிச் சான்று இல்லை என்பது இதற்குக் காரணமாகும்.

ரௌலட் சட்டத்தைப் போலன்றி, இவ்வழக்கில் மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. சிம்லாவில் கிழக்குப் பஞ்சாப் உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் மனுக்களை விசாரித்தனர். கோட்சே கொலைக் குற்றத் தீர்ப்பை எதிர்க்கவில்லை. சதி நடந்தது என்ற முடிவை மட்டும் எதிர்த்துத் தாமே வாதிட்டார். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் இருவரை உயர்நீதிமன்றம் விடுவித்தது. தூக்குத் தண்டனைகளை உறுதி செய்தது. இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1949 அக்டோபரில் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.

கருணை மனுக்கள்

இதன்பின் எஞ்சியிருந்தது கருணை மனு மட்டுமே. காந்தியின் மகன்களான மணிலால், இராமதாஸ் ஆகிய இருவரும் தண்டனையைக் குறைக்குமாறு கேட்டுக்கொண்டனர். தம் தந்தை மரண தண்டனையை ஏற்காதவர் என்பது அவர்களது நிலைப்பாடு. பிரதமர் நேருவும் துணைப் பிரதமர் பட்டேலும் இதனை ஏற்கவில்லை. 1949 நவம்பரில் தலைமை ஆளுநர் மனுக்களை நிராகரித்தார். நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

ஒரு நீதிபதி, கொல்லப்பட்டவரின் நெருங்கிய உறவினராக இருந்தால் அவ்வழக்கிலிருந்து விலகிக்கொள்வது மரபு. கருணை மனுவைப் பரிசீலிப்பவருக்கு அத்தகைய விதி ஏதுமில்லை. விடுதலைக்குப் பின் தலைமை ஆளுநர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே செயல்பட்டார். எனவே இராஜாஜியின் கையொப்பம் அவருடைய சொந்தத் தீர்ப்பு அன்று எனலாம். ஆயினும் உயிரைக் காக்கும் கடைசி வாய்ப்பு, நீதிமன்றத்துக்கு வெளியே, அரசின் கையில் இருந்தது. காந்தியின் குடும்பத்தினர் இக்கேள்வியின் இரு பக்கமும் நின்றனர்: மகன்கள் மன்னிக்கக் கேட்டனர், சம்பந்தி மறுத்துக் கையொப்பமிட்டார்.

அக்காலச் சட்டமும் தூக்குத் தண்டனைக்குச் சாதகமாக இருந்தது. கொலைக் குற்றத்தில் தூக்குத் தண்டனை அளிக்காத நீதிபதி அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்ற விதி 1955 ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீக்கப்பட்டது. 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் நிலையைத் தலைகீழாக மாற்றி, தூக்குத் தண்டனை அளிக்கவே சிறப்புக் காரணம் வேண்டும் என்றது. அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே இத்தண்டனை விதிக்கலாம் என 1980 இல் உச்சநீதிமன்றம் பச்சன் சிங் வழக்கில் வரையறுத்தது.

கொலையுண்டவரின் குடும்பத்தினர் கருணை கோருவது பின்னரும் நிகழ்ந்தது. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் நளினியின் தூக்குத் தண்டனையைக் குறைக்குமாறு சோனியா காந்தி கேட்டுக்கொண்டார். 2000 ஆம் ஆண்டு தமிழக அமைச்சரவையின் பரிந்துரைப்படி ஆளுநர் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அதே வழக்கில் பேரறிவாளன் உள்ளிட்ட மூவரின் கருணை மனுக்கள் மீதான முடிவு பதினொரு ஆண்டுகள் தாமதமானதால், 2014 இல் உச்சநீதிமன்றம் அவர்களது தூக்குத் தண்டனையையும் குறைத்தது. 1949 இல் நீதிமன்றம் எட்டிப் பார்க்காத கருணை அதிகாரம், இவ்வாறு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது.

பிற்காலம்

1950 சனவரி 26 அன்று இந்தியா குடியரசானதும் தலைமை ஆளுநர் பதவி முடிவுக்கு வந்தது. கருணை அதிகாரம் அரசியலமைப்பின் 72 ஆம் பிரிவின் கீழ்க் குடியரசுத் தலைவருக்கும், 161 ஆம் பிரிவின் கீழ் ஆளுநர்களுக்கும் உரியதாயிற்று. பட்டேலின் மறைவுக்குப்பின் இராஜாஜி 1951 வரை உள்துறை அமைச்சராக இருந்தார். விசாரணையின்றிக் காவலில் வைக்க இடமளிக்கும் தடுப்புக்காவல் சட்டத்தின் திருத்த மசோதாவை 1951 இல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியவர் இவரே. ரௌலட் சட்டத்தை எதிர்த்தவர் இவ்வாறு செய்தது அப்போது விமர்சனத்துக்கு உள்ளானது.

1952 முதல் 1954 வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்தார். 1954 இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1959 இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார்.

மறைவு

இராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று சென்னையில் தமது 94 ஆம் வயதில் காலமானார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீட்டைத் தமிழக அரசு நினைவில்லமாகப் பராமரித்து வருகிறது.