வாப்பிச்சி மரைக்கார் பாஸும் என் மாணவனின் வாப்பாவும்

போன தவணை பெற்றோர் கூட்டத்தின்போது பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனின் வாப்பா எல்லோரும் போகும் வரை காத்திருந்துவிட்டு என் மேசைக்கு வந்தார். அவர் மேசன் பாஸ். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையில் எத்தனை வீடுகள் தண்ணீருக்குள் போயின என்பது நமக்குத் தெரியும். அந்த வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் ஒழுங்கையில் நாலைந்து வீட்டுச் சுவர்களை நிமிர்த்திக் கட்டியவர் அவர்தான். என் வீட்டுக் குசினிச் சுவரும் அதில் ஒன்று.

மகன் சனிக்கிழமைகளில் டியூஷனுக்குப் போகாமல் தன் பின்னால் வேலைத்தளத்துக்கு வருகிறானாம். ரசமட்டம் பிடிக்கிறானாம், தூக்குக்குண்டு கட்டுகிறானாம். கணக்குப் பாடத்தில் முப்பது புள்ளி எடுக்கிறவன் ஒரு அறைக்கு எத்தனை கல் போகும் என்று வாயாலேயே சொல்கிறானாம். டீச்சர், நீங்கள் அவனைக் கண்டியுங்கள், என்னைப்போல் ஆகிவிடக் கூடாது என்றார். என்னைப்போல் என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கு அதுதான் உறுத்தியது. வெள்ளத்துக்குப் பிறகு ஊரையே நிமிர்த்தியவர் தன் தொழிலைச் சொல்ல ஏன் குரலைத் தாழ்த்த வேண்டும்?

அன்று அவரிடம் வாப்பிச்சி மரைக்காரைப் பற்றிக் கேட்டேன். பெயர் கேள்விப்பட்டிருக்கிறார். ஸாஹிராவோடு சம்பந்தப்பட்ட பெரிய மனிதர், பணக்காரர் என்றார். அவரும் ஒரு பாஸ்தான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார் 1829இல் பிறந்தவர். ஆங்கிலேயர் கொழும்பைக் கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. துறைமுகம் வளர்ந்தது, கோப்பித் தோட்டங்களின் பணம் கொழும்புக்கு இறங்கியது, அரசாங்கக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. அந்தக் கட்டடங்களை வரைந்தவர்களின் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. கட்டியவர்களில் பலருடைய பெயர் இல்லை. வாப்பிச்சி மரைக்காரின் பெயர் தப்பி நின்றது. பாஸ் என்ற சொல் அவர் பெயரோடு ஒட்டியே வழங்கியதாகச் சொல்வார்கள். அவர் அதை மறைக்கவில்லை.

அவர் கை பட்டவை என்று கொழும்பில் பல கட்டடங்களைக் காட்டுவார்கள். கோட்டையில் பழைய தபால் தலைமையகம், புறக்கோட்டையில் பழைய நகர மண்டபம் என்று பட்டியல் போகும். எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது கொழும்பு நூதனசாலை. 1872இல் ஆளுநராக வந்த வில்லியம் கிரெகரி இந்த நாட்டுக்கு ஒரு நூதனசாலை வேண்டும் என்று முடிவெடுத்தார். பொதுவேலைத் திணைக்களத்தின் ஜேம்ஸ் ஸ்மிதர் வரைபடம் போட்டார். கட்டும் பொறுப்பு வாப்பிச்சி மரைக்காருக்கு வந்தது. இத்தாலியப் பாணியில் வளைவு வளைவாகத் தாழ்வாரம் ஓடும் அந்த வெள்ளை மாளிகை 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. ஏறக்குறைய நூற்றைம்பது வருடமாகிறது, இன்றும் கறுவாத்தோட்டத்தில் நிமிர்ந்து நிற்கிறது.

திறப்பு விழாக் கதை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலையின் அழகைக் கண்ட ஆளுநர், உமக்கு என்ன வேண்டும் என்று கேட்டாராம். பட்டமும் கேட்காமல், காணியும் கேட்காமல், வெள்ளிக்கிழமைகளில் இந்தக் கட்டடத்தை மூடிவைக்க வேண்டும் என்று கேட்டாராம். வேடிக்கை பார்க்கப் போகும் நம்மவர்கள் ஜும்ஆவைத் தவறவிடக் கூடாது என்பது அவருடைய கவலையாம். நூதனசாலை நீண்ட காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடியே இருந்தது.

இந்தக் கதையை நாம் அவருடைய ஈமானுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம், சரிதான். ஆனால் அதில் இன்னொன்றும் இருக்கிறது, அதை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். ஆளுநர் அப்படிக் கேட்கும் இடத்துக்கு அவரைக் கொண்டுபோனது அவருடைய கைவேலை. பரம்பரையைச் சொல்லியோ படிப்பைச் சொல்லியோ அவர் அங்கே போய் நிற்கவில்லை. சுவர் நேராக இருந்தது, வளைவு பொருந்தியிருந்தது, அதனால் அந்தக் கேள்வி அவரிடம் வந்தது.

அதே காலத்தில் கண்டியில் சித்திலெப்பை இருந்தார். 1838இல் பிறந்தவர், தொழிலில் சட்டத்தரணி. அவருடைய பலம் பேனா. 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார், 1885இல் அஸன்பே சரித்திரம் எழுதினார். மிஷனரிப் பாடசாலைக்குப் போனால் பிள்ளைகளின் மார்க்கம் போய்விடும் என்று நம் சமூகம் பயந்து ஒதுங்கியிருந்த நாட்கள் அவை. படிப்பு வேண்டும், மார்க்கமும் வேண்டும், அதற்கு நமக்கென்று பாடசாலை வேண்டும் என்று அவர் எழுதிக்கொண்டே இருந்தார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் இங்கே வந்த ஒராபி பாஷா அந்தப் பேச்சுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தார். 1884இல் புதிய சோனகத் தெருவில் ஒரு பாடசாலை தொடங்கினார்கள். அது நிலைக்கவில்லை.

எழுத்து ஒரு சமூகத்தை எழுப்பும், ஆனால் கூரை போடாது. மருதானைப் பள்ளிவாசலை அண்டி 1892 ஆகஸ்டில் அல்மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கியபோது, சித்திலெப்பையோடும் ஒராபி பாஷாவோடும் இளைஞராக இருந்த ஐ.எல்.எம். அப்துல் அஸீஸோடும் முன்னால் நின்றவர் வாப்பிச்சி மரைக்கார். கட்டிச் சம்பாதித்தவர் அந்தச் சம்பாத்தியத்தோடு வந்து நின்றார். இந்த முறை பாடசாலை நிலைத்தது.

பாஷாவுக்குப் பேர், சித்திலெப்பைக்குப் பேனா, வாப்பிச்சி மரைக்காருக்குக் கட்டும் வேலை. வாப்பிச்சி மரைக்கார் பத்திரிகை நடத்தப் போகவில்லை. சித்திலெப்பை சாரம் கட்டப் போகவில்லை. அல்லாஹ் யாரிடம் எதை அமானிதமாகக் கொடுத்தானோ அவர் அதைச் செய்தார். இப்ராஹீம் நபி கஃபாவைக் கல்லடுக்கிக் கட்டியதையும் தாவூத் நபி இரும்பில் வேலை செய்ததையும் ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் கைத்தொழிலைச் சின்னதாகப் பேசுகிறவர்கள் நாம். மாப்பிள்ளை பார்க்கும்போது இது இன்னும் நன்றாகத் தெரியும்.

அவர் 1925 வரை வாழ்ந்தார், தொண்ணூறைக் கடந்த ஆயுள். மகன் அப்துல் ரஹ்மான் சட்டநிரூபண சபையில் அமர்ந்தார். பேரன் ராசிக் பரீத் பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரியை உருவாக்கினார். பாஸின் வீட்டிலிருந்து வந்தவர்கள்தான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, உங்கள் மகன் படிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று நான் அந்த வாப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். பாடசாலை எழும்பத் துணைநின்ற ஒரு பாஸின் கதையைச் சொல்லிவிட்டு அப்படி எப்படிச் சொல்வது? சனிக்கிழமை காலை டியூஷன், பின்னேரம் வேலைத்தளம் என்று பேசி முடித்தோம். கணக்கை நான் கல்லிலும் சீமெந்திலும் கற்பித்துப் பார்க்கிறேன் என்றேன். சுவரின் பரப்பளவு தெரிந்தவனுக்குச் சூத்திரம் வராமல் போகாது.

எனக்கும் இது புரியக் காலம் எடுத்தது. வீட்டில் என்னை டாக்டராக்கப் பார்த்தார்கள். உயர்தரத்தில் புள்ளி போதவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போன முதல் வருடம் தோற்றுப்போன பிள்ளையாகத்தான் போனேன். விளங்காத பிள்ளைக்கு விளங்க வைப்பது எனக்கு வரும் என்பது அங்கே பயிற்சி வகுப்பு எடுக்கும்போதுதான் தெரிந்தது.

இந்தத் தவணை வகுப்பை நூதனசாலைக்குக் கூட்டிப்போனோம். துணைக்கு வர முடியுமா என்று அந்த வாப்பாவைக் கேட்டேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்தார். பிள்ளைகள் உள்ளே கண்டி ராஜாவின் சிம்மாசனத்தைப் பார்க்க ஓடினார்கள். அவர் வெளியே தாழ்வாரத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் போய்ப் பக்கத்தில் நின்றான், பிறகு இன்னும் இரண்டு பேர், பிறகு முழு வகுப்பும் வந்தது. வளைவு கட்டும்போது கீழே பலகையில் அச்சுக் கொடுப்பதையும், இரண்டு பக்கமும் சமமாகக் கல் ஏற்றிக்கொண்டு வருவதையும், நடுக்கல் இறுகின பிறகுதான் பலகையைக் கழற்றலாம் என்பதையும் கையால் காட்டிச் சொன்னார். அரை மணித்தியாலம் பேசியிருப்பார். குரலைத் தாழ்த்தவில்லை, பின்வரிசைக்கும் கேட்டது.