அஜெல்லோவின் 709

எஞ்சினோடு மல்லுக்கட்டியவர்களில் எனக்குப் பிடித்தவர் இத்தாலிய விமானி பிரான்செஸ்கோ அஜெல்லோ (1902–1942). அவர் ஓட்டியது மக்கி எம்.சி. 72 கடல் விமானம்: 24 சிலிண்டர், எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பல்லர். 1931ல் மோந்தி, பெல்லினி என்ற சக விமானிகள் இருவரும் அந்த ரக விமானத்திலேயே பலியானார்கள்.

டெஸ்ட் பெஞ்சில் நல்லா ஓடின எஞ்சின், ஆகாயத்தில் படபடவென்று வெடித்தது. வேகத்தில் மோதி நுழையும் காற்று எரிபொருள் கலவையைக் கெடுப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். அஜெல்லோ மறுபடி ஏறினார். 23.10.1934, கார்டா ஏரி: மணிக்கு 709 கிலோமீட்டர்! பிஸ்டன் எஞ்சின் கடல் விமானங்களில் இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. 1942ல் சோதனைப் பறப்பின்போது இன்னொரு விமானத்தோடு மோதி மறைந்தார்.

தம்பி தங்கைகளே, லேப்ல ஓடுதேன்னு விட்டுடாதீங்க. ஓடவேண்டிய இடத்துல ஓடுதான்னு பாருங்க.