சோதனைக் குழாயே இல்லாத ஆய்வு நிறுவனம்: சி.சுப்பிரமணியம் அதை ஏன் ஆதரித்தார்?

சி.சுப்பிரமணியம் என்றதும் ஈரோடு, கோவைப் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது கோதுமை. பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. பசுமைப் புரட்சியை நடத்திக் காட்டிய அமைச்சர், 1998-ல் பாரத ரத்னா. எல்லாம் சரிதான். ஆனால், டெல்லிக்குப் போய் உணவு அமைச்சர் ஆவதற்கு முன்பு, இங்கே மெட்ராஸ் மாநிலத்தின் கல்வி அமைச்சராக இருந்தபோது அவர் செய்த ஒரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அணுவையும் அதற்குள் இருக்கும் துகள்களையும் வெறும் கணக்குப் போட்டே ஆராயும் ஒரு நிறுவனம் சென்னையில் உருவாக அவர் துணை நின்றார்.

அங்கே அணு உலை கிடையாது. பெரிய கருவிகள் கிடையாது. சோதனைக் குழாய்கூடக் கிடையாது. கரும்பலகை, சாக்பீஸ், புத்தகங்கள், அப்புறம் கணக்கில் வெறிபிடித்த சில இளைஞர்கள். அவ்வளவுதான்.

மதியம் ஒருவேளை சோறு போட்டால்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் பக்கம் வருவார்கள் என்று அரசாங்கமே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் இதற்கு என்ன அவசரம்? பதில் தேட, அவருடைய இளமைக்காலத்துக்குக் கொஞ்சம் போக வேண்டும்.

செங்குட்டைப்பாளையத்துப் பையன்

பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையம். 1910 ஜனவரி 30-ல் சிதம்பரக் கவுண்டர் – வள்ளியம்மாள் தம்பதிக்கு மகனாகப் பிறந்தார் சுப்பிரமணியம். விவசாயக் குடும்பம். திருப்பராய்த்துறை தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் இவருக்குச் சித்தப்பா முறை. பொள்ளாச்சியில் பள்ளிப்படிப்பு. பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. அங்கே அவர் எடுத்த பாடம் இயற்பியல்.

இந்த இடம் முக்கியம். அவர் படித்த காலம் இயற்பியலே தலைகீழாகப் புரண்டுகொண்டிருந்த காலம். அணுவுக்குள் எலக்ட்ரான் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கான புதிய சமன்பாடுகளை ஐரோப்பாவில் 1925, 1926 ஆண்டுகளில்தான் எழுதினார்கள். 1928-ல் கல்கத்தாவில் சி.வி.ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தைக் கண்டுபிடித்தார்கள். இருவருமே தமிழர்கள். ராமன் அதே மாநிலக் கல்லூரியில் படித்தவர். அவருடைய அண்ணன் மகன் சுப்ரமணியன் சந்திரசேகரும் அங்கேதான் இயற்பியல் படித்தார். அவரும் 1910-ல் பிறந்தவர். சந்திரசேகர் 1930-ல் கப்பலேறி இங்கிலாந்து போனார். பொள்ளாச்சிப் பையன் சட்டப் படிப்புக்குப் போனார். 1932-ல் சட்டப் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு சட்டமறுப்பு இயக்கத்தில் சிறைக்கும் போனார்.

இயற்பியல் அத்தோடு விட்டுப்போனது. ஆனால், அந்த வயதில் அவரைச் சுற்றியிருந்த நண்பர் கூட்டம் சாதாரணமானது இல்லை. ‘வனமலர்ச் சங்கம்’ என்று ஓர் அமைப்பு வைத்து, ஈரோட்டுக்கு வடக்கே கோபிசெட்டிபாளையத்திலிருந்து ‘பித்தன்’ என்றொரு பத்திரிகை நடத்தினார்கள். அதில் ஒருவர் பெரியசாமித் தூரன். ஈரோடு மொடக்குறிச்சி பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த அதே தூரன்தான். பின்னாளில் மத்திய அமைச்சரான ஓ.வி.அளகேசன், கே.எஸ்.ராமசாமிக் கவுண்டர் ஆகியோரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். பத்திரிகைக்குப் பித்தன் என்று பேர் வைக்கிற கூட்டத்திடம் ஊர் சொல்லும் ‘பிரயோசனம்’ பற்றிய கவலை கொஞ்சம் கம்மியாகத்தான் இருந்திருக்கும்!

தோற்றவருக்கே அமைச்சர் பதவி

கோவையில் வக்கீல் தொழில், 1942-ல் மறுபடி சிறை, பிறகு அரசியல் நிர்ணய சபை. 1952-ல் ராஜாஜி அமைச்சரவையில் நிதி அமைச்சர். 1954-ல் ராஜாஜி விலகியபோது, சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றார் சி.எஸ். 93-க்கு 41 என்று தோற்றார். ஆனாலும் காமராஜர் அவரைத் தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்.

ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை மக்கள் ‘குலக்கல்வி’ என்று எதிர்த்தது தெரிந்த கதை. அந்த அமைச்சரவையில் இருந்தவர் என்ற வகையில் சி.எஸ்.ஸுக்கும் அதில் பங்கு உண்டு, மறைக்க முடியாது. 1954 மே மாதம் அந்தத் திட்டம் கைவிடப்படுகிறது என்று புதிய ஆட்சியில் அறிவித்ததும் கல்வி அமைச்சரான அவரேதான். அதன் பிறகு வந்த மதிய உணவு, பள்ளிகள் பெருகியது எல்லாம் காமராஜர் பெயரில் வரலாறாக நிற்கிறது. கிண்டிக் காட்டை ஒட்டி ஐஐடி வந்ததும் (1959) சி.எஸ். கல்வி அமைச்சராக இருந்த காலத்தில்தான்.

மயிலாப்பூர் வீட்டு மாடியும் நீல்ஸ் போரும்

இப்போது இன்னொருவர் உள்ளே வருகிறார். அல்லாடி ராமகிருஷ்ணன். அரசியல் சாசனத்தை எழுதியவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் ஆசிரியர். 1957–58-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு இருந்தார். ஐன்ஸ்டைன் கடைசிவரை வேலை பார்த்த இடம். ஆய்வகமே இல்லாமல், பேசிப் பேசியே அங்கே இயற்பியல் வளர்வதைப் பார்த்தார். திரும்பி வந்து, மயிலாப்பூரில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்ற தன் குடும்ப வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டிவைத்து கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கம் நடத்த ஆரம்பித்தார்.

1960 ஜனவரியில் அந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். பேர் நீல்ஸ் போர். அணுவின் அமைப்பை விளக்கி 1922-ல் நோபல் பரிசு வாங்கியவர். இந்தியப் பயணத்தில் தன்னைக் கவர்ந்தவை என்று அவர் இரண்டைக் குறிப்பிட்டார். ஒன்று, பம்பாயில் ஹோமி பாபா கட்டியெழுப்பிய பிரம்மாண்டமான டாடா ஆராய்ச்சி நிலையம். இன்னொன்று, மெட்ராஸில் ராமகிருஷ்ணனைச் சுற்றியிருந்த அந்தச் சின்னக் குழு. செய்தி பத்திரிகைகளில் வந்தது. பிரதமர் நேருவின் கவனத்துக்கும் போனது.

வெறும் கணக்கால் என்ன தெரியும்?

இங்கே கொஞ்சம் நின்று, அந்த வீட்டு மாடிச் சமாச்சாரத்தைப் புரிந்துகொள்வோம். கோட்பாட்டு அணு இயற்பியல் என்றால் அணுகுண்டு செய்கிற வேலை இல்லை. அணுவுக்குள்ளும் மூலக்கூறுகளுக்குள்ளும் என்ன நடக்கும் என்பதைச் சமன்பாடுகளை வைத்துக் கண்டுபிடிப்பது. ஹைட்ரஜனில் ஒரே ஒரு எலக்ட்ரான். அதன் கணக்கைத் துல்லியமாகப் போட்டுவிடலாம். இரண்டு எலக்ட்ரான் வந்துவிட்டாலோ, ஒன்றையொன்று தள்ளிவிடும். அப்புறம் துல்லியமான விடை கிடையாது, தோராயமாகத்தான் நெருங்க முடியும். அந்தத் தோராயத்தை எவ்வளவு நன்றாகப் போடுகிறோம் என்பதில்தான் மொத்தத் திறமையும் இருக்கிறது.

சந்திரசேகர் போட்ட ஒரு கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். ஹைட்ரஜன் அணுவோடு இன்னொரு எலக்ட்ரான் ஒட்டிக்கொண்டால் எதிர்மின் ஹைட்ரஜன் அயனி. ரொம்ப நோஞ்சான் ஒட்டுதல். சாதாரண ஹைட்ரஜனில் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். இதிலோ கிட்டத்தட்ட முக்கால் எலக்ட்ரான் வோல்ட்தான் தேவைப்படும், அதாவது சுமார் 0.75. சூரியனின் மேற்பரப்பில் இந்த அயனி இருக்கலாம், ஒளியை விழுங்குவது இதுவாக இருக்கலாம் என்று 1939-ல் ரூபர்ட் வில்ட் என்ற வானியலாளர் கருத்துத் தெரிவித்தார். அது எந்த அலைநீள ஒளியை எவ்வளவு விழுங்கும் என்பதை 1940களில் சந்திரசேகர் கணக்கிட்டுக் காட்டினார். நமக்குத் தெரியும் சூரிய ஒளி ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு விடை, இரண்டே எலக்ட்ரான் உள்ள ஓர் அயனியின் கணக்கில் கிடைத்தது.

இந்த மாதிரி வேலைக்குக் கருவியைவிட ஆட்கள்தான் முக்கியம். பலர் ஒரே இடத்தில் கூட வேண்டும், வெளியிலிருந்து ஆட்கள் வந்து போக வேண்டும், தப்பை உடனே பிடித்துச் சொல்ல நாலு பேர் பக்கத்தில் வேண்டும். அமெரிக்காவில் ஹார்வர்டு – ஸ்மித்சோனியன் மையத்தில் அணு, மூலக்கூறு கோட்பாட்டுக்கென்றே 1980களின் கடைசியில் தொடங்கிய நிறுவனமும் இதைத்தான் செய்கிறது. பயிலரங்கம், வருகைதரு ஆய்வாளர்கள், முனைவர் பட்டம் முடித்த இளைஞர்களுக்கு வேலை. பணம் போவது பெரும்பாலும் மனிதர்களுக்குத்தான்.

நாலு பேர் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈரோட்டிலேயே கதை இருக்கிறது. 1887-ல் ஈரோட்டில் தன் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்த ராமானுஜன், மெட்ராஸ் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தபடி கணக்குப் போட்டார். அவர் எழுதியதைப் படித்துச் சொல்ல ஆள் தேடிக் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 32 வயதில் இறந்தும் போனார். சந்திரசேகருக்கும் இங்கே இடமில்லை, சிகாகோதான் கிடைத்தது.

மூன்றே மாதத்தில்

கல்வி அமைச்சர் சி.எஸ். ராமகிருஷ்ணனின் கருத்தரங்கில் அக்கறை காட்டினார். இயற்பியல் படித்தவர் என்பதால் அவருக்கு அதை முழுசாக விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இருந்திருக்காது. 1961 அக்டோபரில் நேரு சென்னை வந்தபோது, ராமகிருஷ்ணனும் மாணவர்களும் அவரை நேரில் சந்திக்க ஏற்பாடு செய்தார். என்ன வேண்டும் என்று பிரதமர் கேட்டார். ராமகிருஷ்ணன் ஒரு நிறுவனம் வேண்டும் என்றார்.

கோப்பு, குறிப்பு, ஒப்புதல், மறு ஒப்புதல் என்று அரசாங்க வண்டி எப்படி நகரும் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த வண்டி மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்தது. 1962 ஜனவரி 3-ம் தேதி மாநிலக் கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனத்தின் தொடக்க விழா. சுருக்கமாக ‘மேட்சயன்ஸ்’. ராமகிருஷ்ணன் இயக்குநர். தொடங்கிவைத்தவர் சிகாகோவிலிருந்து வந்த சந்திரசேகர். ஒரே ஆண்டில் பிறந்து, ஒரே கல்லூரியில் இயற்பியல் படித்து, வேறு வேறு திசையில் போன இரண்டு பேரின் வேலை அன்றைக்கு அதே கல்லூரியில் ஒன்றுசேர்ந்தது. சந்திரசேகருக்கு நோபல் கிடைக்க இன்னும் 21 ஆண்டுகள் இருந்தன.

அந்த நிறுவனம் அணு ஆய்வோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடிப்படைத் துகள்கள், நிகழ்தகவு, தூய கணிதம் என்று பரந்துபோனது.

கோதுமையும் கோபியும்

அடுத்த சில மாதங்களில் சி.எஸ். பொள்ளாச்சியில் ஜெயித்து டெல்லி போய்விட்டார். உருக்குத் துறை, பிறகு 1964-ல் சாஸ்திரி அமைச்சரவையில் உணவும் வேளாண்மையும். அங்கே அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையை அதிகாரிகளிடமிருந்து எடுத்து, பி.பி.பால் என்ற விஞ்ஞானியிடம் கொடுத்தது. பிறகு மெக்சிகோவிலிருந்து குட்டை ரகக் கோதுமை விதை, 18,000 டன். அந்நியச் செலாவணி வீணாகும் என்று அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு. தன் டெல்லி பங்களாவின் புல்வெளியை உழுது அதில் கோதுமை விதைத்தார் அவர். மேட்சயன்ஸ் விஷயத்திலும் இதிலும் அவர் போன வழி ஒன்றே: விஷயம் தெரிந்தவரைக் கண்டுபிடி, காசைக் கொடு, நடுவில் நிற்காதே. இதனால் நிலத்தடி நீரும் மண்ணும் பட்ட பாடு தனிக் கதை, அந்தக் கணக்கை யாரும் அப்போது போடவில்லை.

1965 பிப்ரவரியில், இந்தித் திணிப்புப் பிரச்சினையில் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். கூடவே கொடுத்தவர், பழைய ‘பித்தன்’ நண்பர் அளகேசன். கடிதங்கள் பிறகு திரும்பப் பெறப்பட்டன. ஊர்க்காரர்கள் அதை வைத்து மன்னிக்கவில்லை. 1967 தேர்தலில், அந்தப் பத்திரிகை வெளிவந்த அதே கோபிசெட்டிபாளையம் தொகுதியில் நின்று தோற்றார். அரிசிக்கு வரிசையில் நின்ற ஆண்டு அது. நாட்டின் உணவு அமைச்சருக்கு அந்த ஆண்டு ஓட்டுக் கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை.

1971-ல் கிருஷ்ணகிரியிலிருந்து மீண்டும் மக்களவை. அவசரநிலைக் காலத்தில் நிதி அமைச்சர். கடைசியாக மகாராஷ்டிர ஆளுநர். 2000 நவம்பர் 7-ல் சென்னையில் காலமானார்.

மேட்சயன்ஸ் இன்றும் தரமணியில் இருக்கிறது, மத்திய அணுசக்தித் துறையின் நிதியில். கோட்பாட்டு இயற்பியல், கணிதம், கோட்பாட்டுக் கணினியியல், கணினிவழி உயிரியல் என்று நான்கு பிரிவுகள். இயற்பியல் முனைவர் பட்ட ஆய்வில் சேர ‘ஜெஸ்ட்’ நுழைவுத் தேர்வு ஒரு வழி. அதன் பிறகு நேர்காணல், அது பெரும்பாலும் கரும்பலகை முன்னால் நின்றுதான்.