டிராய் நகரைத் தோண்டிய மளிகைக்கடைப் பையன்

ஒரு பெண்ணுக்காகப் பத்து ஆண்டுகள் போர் நடந்தது. ஆயிரம் கப்பல்கள் கடலைக் கடந்து வந்தன. கடைசியில் ஒரு மரக்குதிரையால் ஒரு நகரமே அழிந்தது!

கிரேக்கர்கள் வழிவழியாகச் சொல்லி வந்த டிராய் போரின் கதை இது.

ஸ்பார்ட்டா நாட்டு அரசன் மெனிலாஸின் மனைவி ஹெலன். பேரழகி. டிராய் நாட்டு இளவரசன் பாரிஸ் அவளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மெனிலாஸின் அண்ணன் அகமெம்னான், கிரேக்க அரசர்களை எல்லாம் திரட்டிக்கொண்டு படையெடுத்தான். கிரேக்கர் பக்கம் அக்கிலிஸ் என்ற மாவீரன். டிராய் பக்கம் பாரிஸின் அண்ணன் ஹெக்டர். அக்கிலிஸ், ஹெக்டரைக் கொன்று, உடலைத் தேரில் கட்டி இழுத்துப் போனான். பெற்ற மனம் பொறுக்குமா? கிழ அரசர் பிரியாம் இரவோடு இரவாக எதிரியின் கூடாரத்துக்கே போனார். தன் பிள்ளையைக் கொன்ற கையை முத்தமிட்டு, பிள்ளையின் உடலைக் கேட்டு வாங்கி வந்தார்.

இந்தப் போரின் ஒரு பகுதியை ஹோமர் என்ற புலவர் "இலியட்" என்னும் காவியமாகப் பாடினார். அது சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முந்திய பாட்டு.

19-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பண்டிதர்களில் பலர், இது கட்டுக்கதை, டிராய் என்று ஒரு நகரமே இருந்ததில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் அதை ஏற்கவில்லை. ஹோமர் பாடியது ஒவ்வொரு வரியும் உண்மை என்று நம்பினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் பேராசிரியர் அல்ல. 14 வயதில் படிப்பை விட்டவர். பெயர், ஹைன்ரிக் ஷ்லீமன்.

மீன் விற்ற சிறுவன்

ஷ்லீமன் 1822-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, வட ஜெர்மனியில் நாய்புக்கோவ் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை கிறிஸ்தவப் பாதிரியார். ஒன்பது வயதில் தாய் இறந்தார். தந்தையின் நடத்தை பற்றி ஊரில் பேச்சு எழுந்தது. குடும்பம் நொடித்தது.

ஏழு வயதில், டிராய் நகரம் தீப்பற்றி எரியும் படத்தை ஒரு புத்தகத்தில் பார்த்ததாகவும், அந்த நகரை ஒரு நாள் தோண்டி எடுப்பேன் என்று அன்றே தந்தையிடம் சபதம் செய்ததாகவும் ஷ்லீமன் பிற்காலத்தில் எழுதினார். ஆராய்ச்சியாளர்கள் இதை அப்படியே நம்புவதில்லை. தம் வாழ்க்கையையும் ஒரு காவியமாக அலங்கரித்துச் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு.

மளிகைக் கடை வேலை மட்டும் உண்மை. காலை 5 மணிக்குக் கடை திறக்க வேண்டும். இரவு 11 மணி வரை உப்பு, எண்ணெய், வெண்ணெய், கருவாட்டு மீன் எல்லாம் நிறுத்துக் கொடுக்க வேண்டும். ஐந்தரை ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. ஒருநாள் கனத்த பீப்பாயைத் தூக்கியபோது நெஞ்சில் அடிபட்டது. இரத்தம் கக்கினான் பையன். வேலை போயிற்று.

1841-ல் தென் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஹாலந்து நாட்டுக் கரை அருகே கப்பல் உடைந்தது! உயிர் தப்பி ஆம்ஸ்டர்டாம் நகருக்கு வந்து, ஒரு வியாபாரக் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தார்.

அங்கேதான் அவருடைய அசாத்தியத் திறமை வெளிப்பட்டது. சம்பளத்தில் பாதியைப் படிப்புக்குச் செலவிட்டார். ஒரு மொழியை உரக்கப் படிப்பது, மனப்பாடம் செய்வது, தினம் ஒரு கட்டுரை எழுதுவது: இதுதான் அவர் முறை. ஆங்கிலம், பிரெஞ்சு, டச்சு, ஸ்பானிஷ், இத்தாலியன் என்று வரிசையாகக் கற்றார். ரஷிய மொழி படிக்க ஆசிரியர் கிடைக்கவில்லை. தாம் ஒப்பிப்பதைச் சும்மா உட்கார்ந்து கேட்பதற்காக ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டார்! அந்த ஆளுக்கு ரஷிய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. இரவெல்லாம் கேட்ட கூச்சலால் அண்டை வீட்டார் புகார் செய்ய, இரண்டு முறை குடியிருப்பை மாற்ற வேண்டி வந்ததாம்.

கோடீசுவரர்

ரஷிய மொழி அவருடைய தலையெழுத்தை மாற்றியது. 1846-ல் கம்பெனி அவரை ரஷியாவுக்கு அனுப்பியது. அங்கே சொந்தமாக அவுரிச் சாய வியாபாரம் தொடங்கினார். கலிபோர்னியாவில் தங்கம் தோண்டியவர்களிடம் தங்கத்தூள் வாங்கி விற்றார். 1853-ல் மூண்ட கிரிமியாப் போரின்போது வெடியுப்பும் ஈயமும் விற்றுப் பெரும் பணம் குவித்தார். போரால் பணக்காரரானவர்தான் போர்க்கதையைத் தேடிப் போனார்!

40 வயது தாண்டியதும் வியாபாரத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, உலகப் பயணம் கிளம்பினார். அந்தப் பயணத்தில் இலங்கைக்கும் சென்னைக்கும்கூட வந்து போயிருக்கிறார்.

ரஷியாவில் மணந்த மனைவி அவரோடு வெளிநாட்டுக்கு வர மறுத்தாள். 1869-ல் அமெரிக்காவில் விவாகரத்து வாங்கினார். அதே ஆண்டில், ஸோபியா என்ற 17 வயது கிரேக்கப் பெண்ணை மணந்தார். அவருக்கு வயது 47. பிறந்த குழந்தைகளுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? மகளுக்கு ஹெக்டரின் மனைவி பெயர், ஆண்ட்ரோமாக்கி. மகனுக்கு அகமெம்னான்!

மேட்டுக்குள் ஒன்பது நகரங்கள்

துருக்கியின் வடமேற்கு மூலையில், டார்டனெல்ஸ் ஜலசந்திக்கு அருகே ஹிஸார்லிக் என்ற மேடு இருக்கிறது. அங்கேதான் டிராய் புதைந்திருக்கிறது என்று ஷ்லீமனுக்கு எடுத்துச் சொன்னவர் பிராங்க் கால்வர்ட். அவர் அந்தப் பகுதியில் வாழ்ந்த ஆங்கிலேயர். மேட்டின் ஒரு பகுதி அவருக்குச் சொந்தம். ஷ்லீமன் வருவதற்கு முன்பே அங்கே தோண்டிப் பார்த்தவர். ஆனால் கையில் பணம் இல்லை. புகழ் முழுவதும் பணம் இருந்தவருக்கே போயிற்று.

மேடு உண்டான விதம் இது. பச்சை மண் கல்லால் கட்டிய வீடுகள் இடிந்தால், அந்த இடத்தைச் சமன் செய்து, அதன் மேலேயே புது வீடு கட்டுவார்கள். இப்படியே மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நகரத்தின் மீது நகரமாக எழும்பியிருக்கிறது. ஒன்பது அடுக்குகள்! ஒரு அடுக்கை அழிக்காமல் அதன் கீழ் அடுக்குக்குப் போக முடியாது.

ஹோமரின் டிராய் மிகப் பழையது, எனவே அடியில்தான் கிடக்கும் என்று ஷ்லீமன் தீர்மானித்தார். சிறு சிறு பள்ளமாகத் தோண்டும்படி கால்வர்ட் யோசனை சொன்னார். ஷ்லீமன் கேட்கவில்லை. 1871 முதல் 1873 வரை நூற்றுக்கு மேற்பட்ட கூலியாட்களை வைத்து, மேட்டின் குறுக்கே ஒரு பெரிய அகழியை வெட்டினார். அகலம் சுமார் 40 மீட்டர். ஆழம் 17 மீட்டர். குறுக்கே வந்த சுவர்களை எல்லாம் உடைத்து வெளியே கொட்டினார்கள்.

அடியில் தீயில் கருகிய ஒரு கோட்டை தென்பட்டது. 1873 மே மாத இறுதியில் அங்கே தங்கப் புதையல் கிடைத்தது! கிரீடங்கள், காதணிகள், கிண்ணங்கள், ஆயிரக்கணக்கான பொன்மணிகள். பிரியாம் அரசரின் செல்வம் இதுதான் என்று உலகுக்கு அறிவித்தார் ஷ்லீமன். ஸோபியா அதைத் தன் சால்வையில் மறைத்து எடுத்து வந்ததாக எழுதினார். உண்மையில் அன்று ஸோபியா ஏதென்ஸ் நகரில் இருந்தாள்!

நகைகள் துருக்கி அரசுக்குத் தெரியாமல் கிரீசுக்குக் கடத்தப்பட்டன. அரசு வழக்குப் போட்டது. பத்தாயிரம் பிராங்க் நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. ஷ்லீமன் ஐம்பதாயிரமாகவே கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார்.

பானை சொன்ன சாட்சி

1876-ல் கிரீஸ் நாட்டில் அகமெம்னானின் தலைநகரான மைசினியைத் தோண்டினார். கல்லறைகளில் தங்க முகமூடி அணிந்த பிணங்கள் கிடந்தன. அகமெம்னானே கிடைத்துவிட்டான் என்று குதித்தார். அதுவும் தப்புக் கணக்கு. அந்தக் கல்லறைகள், டிராய் போர் நடந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு 300 ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவை.

ஆனால், கிரேக்கரின் பழைய நாகரிகம் ஒன்றையே அவர் மண்ணுக்கடியிலிருந்து கொண்டுவந்துவிட்டார். அதற்கு முன் யாரும் அதைக் கண்டதில்லை. அவருடைய பொய்களுக்காக இந்தப் பெருமையை மறுக்க முடியாது.

1890-ல் மீண்டும் ஹிஸார்லிக்கில் தோண்டினார். இந்தத் தடவை டோர்ப்பெல்டு என்ற கட்டடக்கலை நிபுணர் உடன் இருந்தார். அடியிலிருந்து ஆறாவது அடுக்கில் மைசினிப் பானைகள் கிடைத்தன. அப்படியானால் அகமெம்னானின் நாகரிகம் தழைத்த காலத்து டிராய் அந்த ஆறாவது அடுக்கை ஒட்டியதுதான். புதையல் கிடைத்த இரண்டாவது அடுக்கு, அதற்கும் ஆயிரம் ஆண்டு முந்தியது. 17 ஆண்டுகளுக்கு முன் ஷ்லீமனின் ஆட்கள் உடைத்துக் கொட்டிய சுவர்களில், அவர் தேடி வந்த காலத்துச் சுவர்களும் இருந்தன!

அடுத்த ஆண்டு மறுபடி தோண்டத் திட்டமிட்டார். விதி விடவில்லை. காது நோய்க்கு ஜெர்மனியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. புண் ஆறுவதற்குள் வீடு திரும்பப் புறப்பட்டார். கிறிஸ்துமஸ் அன்று இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத் தெருவில் மயங்கி விழுந்தார். பத்துக்கு மேற்பட்ட மொழிகள் பேசிய வாயால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. ஆள் யார் என்று தெரியாததால் ஆஸ்பத்திரியிலும் சேர்க்கவில்லை. சட்டைப் பையைச் சோதித்தபோது பொற்காசுகள் இருந்தன. மறுநாள், 1890 டிசம்பர் 26-ந் தேதி, இறந்தார்.

கணவர் விட்ட வேலையைத் தொடர ஸோபியா பணம் கொடுத்தாள். 1893-94-ல் டோர்ப்பெல்டு ஆறாவது அடுக்கின் கோட்டை மதிலைக் கண்டுபிடித்தார். பிறகு வந்தவர்கள், அதற்கு அடுத்த அடுக்கு கி.மு. 1180 வாக்கில் தீயில் எரிந்து அழிந்ததற்கு அடையாளங்கள் கண்டார்கள். அம்பு முனைகளும் கவண் கற்களும் கிடைத்தன. ஹெலன், அக்கிலிஸ், ஹெக்டர் வாழ்ந்ததற்கு மட்டும் இதுவரை மண்ணில் ஒரு சான்றும் இல்லை.

ஷ்லீமன் பெர்லினுக்குக் கொடுத்த புதையல், 1945-ல் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது மாயமாய் மறைந்தது. உருக்கிவிட்டார்கள் என்றுகூடப் பலர் நினைத்தார்கள். சோவியத் படைகள் அதை எடுத்துச் சென்றிருந்தன. 1996-ல் மாஸ்கோவின் புஷ்கின் மியூசியத்தில் அது பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது.