முற்றுகைக்குள் இறந்த பௌதிக எழுத்தாளர்

வடமராட்சியில் ஒருகாலத்தில் பல வீடுகளில் மாஸ்கோவில் அச்சான கெட்டி அட்டைப் புத்தகங்கள் இருந்தன. நல்ல தாள், குறைந்த விலை. 1987இல் 'ஒப்பரேஷன் லிபரேசன்' உடுப்பிட்டி உட்பட வடமராட்சி ஊர்களைக் கலைத்தபோது பல புத்தகங்கள் வீட்டோடு போயின. மிஞ்சியவற்றைக் கறையான் பார்த்துக்கொண்டது. அவற்றில் ஒன்று 'பொழுதுபோக்கு பௌதிகம்'. அதை எழுதிய யாக்கோவ் பெரெல்மானின் கதை நம்மவருக்கு அந்நியமானதல்ல.

1882இல், இன்று போலந்திலுள்ள பியாலிஸ்டொக் நகரில் பிறந்தார். கணக்காளரான தந்தை அடுத்த வருடமே இறந்துவிட, ஆசிரியையான தாய்தான் வளர்த்தார். 1899இல் நெருப்பு மழை பெய்து உலகம் அழியப்போகிறது என்று ஊரெல்லாம் வதந்தி. பள்ளி மாணவனாக இருந்த பெரெல்மான் அது வெறும் எரிகல் பொழிவு என்று விளக்கிப் பத்திரிகைக்கு எழுதினார். அதுவே முதல் எழுத்து.

அவர் படித்தது காட்டியல். ஆராய்ச்சி செய்ததில்லை, எதையும் கண்டுபிடித்ததுமில்லை. முதலாம் உலகப்போரில் எரிபொருள் தட்டுப்பட்டபோது கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளும் யோசனையை முன்வைத்தவர்களில் ஒருவர். (1996இல் கொழும்பும் கடிகாரத்தைத் தள்ளியது, வன்னியில் பழைய நேரமே ஓடியது.)

1913இல் 'பொழுதுபோக்கு பௌதிகம்' வெளிவந்தது. நிமிர்ந்து கதிரையில் இருக்கிறீர்கள். உடம்பை முன்னே சாய்க்காமலும் கால்களைப் பின்னே இழுக்காமலும் எழும்ப முடியுமா? முடியாது. உடலின் புவியீர்ப்பு மையம் பாதங்களுக்கு மேலே வராமல் யாராலும் எழும்ப இயலாது. கடதாசிப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைக்கலாம். தண்ணீர் உள்ளவரை கடதாசி எரியாது. ஆய்வுகூடம் தேவையில்லை, வீடு போதும். ஜாம் போத்தல் விளக்கில் உயர்தரம் படித்த தலைமுறைக்கு அதன் பெறுமதி தெரியும்.

1935இல் லெனின்கிராட்டில் அவரது முயற்சியால் 'பொழுதுபோக்கு விஞ்ஞான இல்லம்' திறக்கப்பட்டது. அங்கே பிள்ளைகள் எல்லாவற்றையும் தொட்டு, இயக்கிப் பார்க்கலாம். 1941இல் போர் வந்ததும் மூடப்பட்டது. காட்சிப் பொருட்கள் போரில் அழிந்தன.

அந்தச் செப்டெம்பரில் நாசிப் படைகள் நகரை முற்றுகையிட்டன. கருவிகள் இல்லாமல் திசையறிவதும் தூரம் கணிப்பதும் எப்படி என்று பெரெல்மான் படையினருக்கு வகுப்பெடுத்தார். வயது 59. பனிக்குள் நடந்தே போய்வந்தார். நவம்பர் இறுதியில் வேலைக்குப் போகாதவர்களுக்கு நாளொன்றுக்கு 125 கிராம் பாண்தான். அதிலும் மாவல்லாத பலதும் கலந்திருந்தது. 1942 ஜனவரியில், மருத்துவரான அவரது மனைவி அன்னா கடமையிலிருக்கும்போதே பசியால் இறந்தார். மார்ச் 16இல் பெரெல்மானும் போனார். முற்றுகை அதன் பிறகும் ஏறத்தாழ இரண்டு வருடம் நீடித்தது. சந்திரனின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு இன்று அவர் பெயர்.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த மலிவுப் பதிப்புகளின் வரத்தும் நின்றது. ரஷ்ய, ஆங்கிலப் பதிப்புகளை ஆர்வலர்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பழம் பிரதிகளைத் தேடுவதுதான் சிரமம். உடுப்பிட்டியிலோ ரொறன்ரோவிலோ உங்கள் அலுமாரியில் ஒன்று கிடந்தால், பக்கங்களைக் கிழிக்காமல் பகல் வெளிச்சத்தில் போனிலேயே படமெடுக்கலாம். பதிப்பு விபரப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். மொழிபெயர்த்தவரின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.