குரோமோசோம்களை எண்ணிய அம்மையார்

களிமண்ணும் கம்பளி நூலும் கொண்டு உயிரியல் வகுப்பிற்குச் செல் பகுப்பு மாதிரி செய்யும் மாணவியர் ஜானகி அம்மாளை அறிதல் நன்று. நாம் நூலாக ஒட்டும் குரோமோசோம்களை வாழ்நாள் முழுதும் நுண்ணோக்கியில் எண்ணியவர் அவர்.

1897-ல் தலைச்சேரியில் பிறந்து, சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1931-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூரில் கரும்பை ஆராய்ந்தார். பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து, டார்லிங்டனுடன் 1945-ல் நூலாக வெளியிட்டார்.

நம் மாதிரியில் நடுவே வரிசையாக நிற்கும் நூல்கள் பிரிந்து இருபுறமும் செல்லுமல்லவா? கொல்சிசின் என்னும் மருந்தை இட்டால் அவற்றை இழுக்கும் கதிர் இழைகள் உருவாவதில்லை. இரட்டித்த குரோமோசோம்கள் ஒரே செல்லில் தங்கிவிடும். இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா செடிகளுக்கு அம்மையார் இம்மருந்தை இட்டார். தடித்த இதழ்களுடன் பூக்கும் ஒரு வகை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1977-ல் கிடைத்த பத்மஸ்ரீயினும் இதுவே பெரிதென்று தோன்றுகிறது.

1951-ல் பிரதமர் நேரு அழைக்க, தாயகம் திரும்பினார். முதுமையில் அவர் தங்கியது கிண்டிக்கு அதிகத் தொலைவில்லாத மதுரவாயலில். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மூலிகைகளை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்த அவர், 1984 பிப்ரவரி 7-ம் நாள், 86-ம் வயதில் அங்கேயே காலமானார்.